முன்னறிந்தவன் கடன்

ஒருவனுக்கு நாளை வரவிருக்கும் துன்பத்தை மற்றொருவன் இன்றே அறிந்து கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். அறிந்தவனுக்கு அந்த அறிவினால் ஒரு கடமை பிறக்கிறதா? பிறக்குமாயின் அக்கடமை எவ்வளவு தூரம் செல்லும்? அறிந்ததைச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுமா, அன்றித் தடுக்கவும் முயல வேண்டுமா? தடுக்க இயலாதென்று தோன்றும்போது வாய்மூடியிருப்பது கருணையா, வஞ்சனையா?

இவ்வினாக்கள் புதியவை அல்ல. சோதிடம் பார்க்கும் திண்ணையிலும், குறி கேட்கும் கூடத்திலும், வாழ்ந்து கெட்ட குடும்பங்களின் வாசலிலும் நம் முன்னோர் இவற்றைக் கேட்டே வந்திருக்கின்றனர். ஆனால் இன்று இவை வேறோர் இடத்தில் எழுந்து நிற்கின்றன. அவ்விடம் ஆஸ்பத்திரியின் ரண சிகிச்சை அறை. அங்கே மயங்கிக் கிடப்பவனுடைய தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க மருந்து வைத்தியர், அவனுக்கு மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ மூச்சுத் தொல்லை வருமா வராதா என்பதை ஓரளவு முன்னரே கூறக்கூடிய நிலைக்கு வந்துவிட்டார். அவர் அறிந்தது அவருக்கு மட்டுமே உரிய சங்கதியா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

நம்மில் பலர் நேரில் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்றைக் கூறுவோம். வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆகவேண்டிய பெரியவர் ஒருவரை உள்ளே கொண்டுபோகிறார்கள். வெளியே மனைவியும், மக்களும், தோட்டத்திலிருந்து வாடகை வண்டி பிடித்து வந்த சுற்றத்தாரும் மணிக்கணக்காகக் காத்திருக்கின்றனர். கதவு திறக்கிறது. “ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது” என்ற சொல் வருகிறது. அழுகை சிரிப்பாக மாறுகிறது. வேண்டுதல்கள் நினைவுக்கு வருகின்றன. நான்காம் நாள் பெரியவருக்குக் காய்ச்சல் காண்கிறது, மூச்சு வாங்குகிறது. ஏழாம் நாள் கதை முடிகிறது. வீடு திரும்பும் வழியில் ஒருவர், “கத்தி வைத்த இடமெல்லாம் நன்றாகத்தான் ஆறியது; தலையெழுத்து வேறு மாதிரி இருந்தது” என்கிறார். மற்றவர்கள் ஆமென்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர்க்கு அச்சொல் ஆறுதலாயிருக்கலாம். அந்த ஆறுதலைக் கெடுப்பது நம் நோக்கமன்று. ஆனால் அந்தத் தலையெழுத்து எங்கே எழுதப்பட்டது, அதை அன்றே படித்திருக்கக்கூடியவர் எவரேனும் இருந்தாரா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

மயக்க மருந்து ஏறியவுடன் மனிதனுடைய மூச்சுக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மூச்சை இழுக்கும் தசைகள் தளர்கின்றன. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் மேலே ஏறிவிடுகிறது. மல்லாந்து கிடப்பவனுடைய நுரையீரலின் அடிப்பாகம், முதுகுப் பக்கத்தில், சில நிமிஷங்களுக்குள்ளாகவே காற்றிழந்து சுருங்குகிறது. இது சிலருக்கு மட்டும் நேரும் விபத்தன்று, பெரும்பாலோர்க்கும் நேர்வதேயாம். விழித்தபின் ஆழ்ந்து மூச்சு இழுத்து, இருமி, எழுந்து உட்கார்ந்து நடப்பவனுக்கு அப்பாகம் மீண்டும் விரிந்துவிடுகிறது. ஆனால் மேல்வயிற்றிலோ மார்பிலோ அறுபட்டவன், வலிக்கு அஞ்சி ஆழ மூச்சிழுக்க மாட்டான், இருமவும் மாட்டான். சளி உள்ளே தங்குகிறது, தங்கிய இடத்தில் கிருமி பெருகுகிறது, நிமோனியா காண்கிறது. 1910-ஆம் ஆண்டிலேயே லண்டனில் வில்லியம் பாஸ்டர் என்னும் வைத்தியர், வயிற்று ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் இவ்வாறு சுருங்கிப் போவதை எடுத்துக் கூறினார். கிருமி ஆராய்ச்சியால் உலகறிந்த பிரெஞ்சுப் பேரறிஞர் பாஸ்டர் வேறு, இவர் வேறு. ஆக, பெரியவரைக் கொண்டுபோனது பெயரில்லாத விதியன்று. அதற்குப் பெயருண்டு, வழியுண்டு, நாளுமுண்டு.

இனி, இதனை முன்னறிதல் எங்ஙனம் வந்தது என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் மார்ட்டன் என்பவர் ஈதர் என்னும் மருந்தை முகரச் செய்து, ரண சிகிச்சையின் வலியை மனிதன் அறியாவண்ணம் செய்து காட்டினார். அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், அதே ஆஸ்பத்திரியில், ஹார்வி குஷிங் என்ற வைத்திய மாணவர் ஒருவரை ஈதர் கொடுக்கும்படி பணித்தார்கள். முறையான பயிற்சி அவருக்குக் கிடையாது. நோயாளி இறந்து போனான். தன் கையால் ஒருவன் மாண்டான் என்றெண்ணிய மாணவர் வைத்தியப் படிப்பையே விட்டுவிட நினைத்தார். பெரியவர்கள் அவருக்குச் சொன்ன ஆறுதல் யாதெனில், இப்படி நேர்வது வழக்கம்தான், கவலைப்படாமல் படிப்பைத் தொடரலாம் என்பதே.

வழக்கம்! இச்சொல்லை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். தலையெழுத்து என்னும் சொல்லுக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. ஒன்றைப் படியாதவன் சொல்லுகிறான். மற்றொன்றைப் படித்தவன் சொல்லுகிறான். இரண்டும் கேள்வியை அடைத்துவிடுகின்றன. குஷிங்கும் அவருடைய தோழர் கோட்மனும் அந்தச் சொல்லோடு அடங்கிவிடவில்லை. 1894-ஆம் ஆண்டில், தாங்கள் மயக்க மருந்து கொடுக்கும் ஒவ்வொருவருடைய நாடியையும் மூச்சையும் நிமிஷத்திற்கு நிமிஷம் காகிதத்தில் குறிக்கத் தொடங்கினர். எவர் நன்றாக மருந்து கொடுக்கிறார் என்பதில் இருவருக்கும் ஒரு விருந்துப் பந்தயமும் இருந்ததாம். 1901-இல் குஷிங் இத்தாலி நாட்டில், கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியைக் கண்டு, அதனையும் கொண்டுவந்து சேர்த்தார். இன்று உலகத்தின் நல்ல ஆஸ்பத்திரிகளிலெல்லாம் மயக்க மருந்துக்கு எழுதப்படும் குறிப்பேடு அந்தக் காகிதத்தின் வழி வந்ததேயாம். நெஞ்சு பொறுக்காத ஓர் இளைஞனுடைய குற்ற உணர்ச்சி, அழுது தீராமல், கணக்காக மாறியது.

கணக்கும் தவறக்கூடும் என்பதற்கு நம் இந்திய நாட்டிலேயே ஒரு சான்றுண்டு. ஹைதராபாத்தில் ரண வைத்தியராக இருந்த எட்வர்டு லாரி, குளோரோபாரம் கொடுக்கும்போது மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்கத் தேவையில்லை என்று உறுதியாக நம்பினார். நிஜாம் அரசின் பொருளுதவியுடன் 1888-லும் 1889-லும் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் அமைந்தன. இரண்டும் அவர் பக்கமே பேசின. ஆனால் 1911-இல் குட்மன் லெவி என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர், குளோரோபாரம் சில வேளைகளில் இருதயத்தையே திடீரென நிறுத்திவிடும் என்று காட்டினார். மூச்சைக் கவனி என்றது நல்ல போதனை. நாடியை விட்டுவிடு என்றது பொல்லாத போதனை. பெரிய இடத்து ஆதரவும், அச்சிட்ட அறிக்கையும் ஒரு கூற்றை உண்மையாக்கிவிட மாட்டா. சோதித்து, மீண்டும் சோதித்து நிற்பதே உண்மை.

இன்று மயங்கியவனுடைய உடல் பேசும் மொழி விரிந்திருக்கிறது. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அவோயாகி வெளியிட்ட தத்துவத்தின்படி செய்யப்பட்ட சிறு கருவி, விரல் நுனியில் ஒளியைப் பாய்ச்சி, இரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டுகிறது. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை மற்றொரு கருவி வரைந்து காட்டுகிறது. மூச்சூட்டும் யந்திரமோ, ஒரு மூச்சுக் காற்றை நுரையீரலுக்குள் செலுத்தத் தனக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டியிருக்கிறது என்பதைக் கூறுகிறது. சைக்கிள் குழாய்க்குக் காற்றடித்தவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். குழாய் மடங்கியிருந்தால் கை கடுக்கிறது. அவ்வாறே, சுருங்கிய நுரையீரலுக்குள் காற்று செல்ல அதிக அழுத்தம் வேண்டும். பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியிட்ட கணக்கில், ஆபரேஷன் நடக்கும்போது அந்த அழுத்தம் ஏற ஏறப் பின்னால் வரும் நுரையீரல் தொல்லையும் ஏறியிருந்தது கண்டனர். தசைகளைத் தளர்த்தும் மருந்து முற்றும் இறங்கிவிட்டதா என்றறியவும் வழியுண்டு. மணிக்கட்டில் நரம்பின்மேல் நான்கு சிறு மின் துடிப்புகளைக் கொடுத்து, நான்காவதற்குக் கட்டைவிரல் அசையும் வலிமை முதலாவதில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்குக் குறைந்தால் அவன் விழித்ததுபோல் தோன்றினும் தொண்டையும் மூச்சும் இன்னும் அவன் வசத்தில் இல்லை. அந்நிலையில் குழாயை எடுத்துவிடுதல் அவனைத் துன்பத்தின் வாயிலில் விடுவதாகும்.

இவையன்றி, கத்தி படுமுன்பே எண்ணிப் பார்க்கத்தக்க குறிகளும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாப் பகுதியில், 2006-இல், 59 ஆஸ்பத்திரிகளில் 2,464 நோயாளிகளை ஆராய்ந்து, 2010-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அவர்களில் 123 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஐவருக்கு, நுரையீரல் தொல்லை வந்தது. வந்தவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது. வராதவர்களிலோ இருநூற்றுக்கு ஒருவர். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டபின் எவரும் சும்மா இருத்தல் தகாது. அவர்கள் ஏழு குறிகளைத் தேர்ந்தனர். வயது, பிராணவாயுக் குறைவு, சென்ற ஒரு மாதத்துக்குள் கண்ட சளிக் காய்ச்சல், இரத்தச் சோகை, அறுக்கும் இடம், அறுக்கும் நேரம், அவசர ஆபரேஷனா என்பது. ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளியென்று வகுத்தனர்.

அறுபது வயதினர் ஒருவருக்கு மேல்வயிற்றில் மூன்று மணிக்கு மேற்பட்ட ஆபரேஷன் என்று கொள்வோம். வயதுக்கு 3, இடத்துக்கு 15, நேரத்துக்கு 23. ஆக 41 புள்ளி. அவர் நடுத்தர ஆபத்துக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அக்கூட்டத்தில் நூற்றுக்குப் பதின்மூவருக்குத் தொல்லை வந்தது. அவருக்கே இரத்தச் சோகையும் இருந்தால் 11 கூடி 52 ஆகிறது. இப்பொழுது அவர் பேராபத்துக் கூட்டத்தில் நிற்கிறார். அங்கே நூற்றுக்கு நாற்பத்திரண்டு. மலேரியாவும் கொக்கிப் புழுவும் இரத்தத்தைக் குடித்த காலத்தில் தோட்டங்களில் வாழ்ந்தோர் வழியில் வந்த நமக்கு, இரத்தச் சோகை என்பது புத்தகத்தில் மட்டும் படித்த சொல்லன்று.

இங்கே ஒருவர் எழுந்து, “இதுவும் ஒரு ஜாதகந்தானே? கட்டமும் கணக்கும் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதனை ஏளனம் செய்து தள்ளிவிடாமல் விடை காண்போம்.

ஜாதகம் ஒருவனைப் பற்றிப் பேசுகிறது; இக்கணக்கு நூறு பேரைப் பற்றிப் பேசுகிறது. நாற்பத்திரண்டு என்ற எண், நம் பெரியவரின் நெற்றியில் எழுதிய எண்ணன்று. அவரைப் போன்ற நூறு பேரில் ஐம்பத்தெண்மர் சுகமாக வீடு திரும்பினர் என்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று கணக்கு கூறவில்லை; கூற இயலாதென்று அதுவே ஒப்புக்கொள்கிறது. மேலும், சோதிடன் பலித்தவற்றை மட்டும் எடுத்துக் கூறுவான். பலியாதவற்றை எண்ணி வைக்க மாட்டான். கணக்கன் இரண்டையும் எண்ணியாக வேண்டும். தவறினால் எத்தனை தவறினேன் என்று சொல்ல வேண்டியவன் அவன். இவ்வகையில் இரண்டும் வேறு.

ஆனால் ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும் ஆபத்துண்டு. எண்ணைக் கேட்டவுடன் வைத்தியரோ சுற்றத்தாரோ, “இனி என்ன செய்வது” என்று கையைக் கட்டிக்கொண்டால், எண்ணும் ஜாதகமாகிவிட்டது. அதனினும் பொல்லாதது ஒன்றுண்டு. தன் ஆஸ்பத்திரியில் இறப்போர் தொகை கூடிவிடும் என்றஞ்சி, ஆபத்து மிக்கவனை வாசலிலேயே திருப்பி அனுப்புதல். எண் மெலிந்தவனைக் காக்க வந்தது. அவனை விலக்கவே அது பயன்படுமாயின், அறிவு கொடுமைக்குத் துணை போயிற்று என்றே சொல்வோம். முன்னே கூறிய கோட்மன், பிற்காலத்தில் தாமே ஓர் ஆஸ்பத்திரி நடத்தி, அங்கு நேர்ந்த தவறுகளை வெளிப்படையாக அச்சிட்டார். அதனால் அவருக்குப் பகைவர் பெருகினர். எனினும் தன் பிழையை எண்ணி வெளியிடுகிறவனுக்கே பிறருடைய ஆபத்தை எண்ணும் தகுதி உண்டு என்பது நம் அபிப்பிராயம்.

அறிகுறி வேறு, காரணம் வேறு என்பதையும் மறத்தலாகாது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் மழை வரும் என்பர். எறும்பைத் தடுத்தால் மழை நிற்குமா? இரத்தச் சோகை ஒரு குறி. அதனை ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்னர் இரும்புச் சத்து ஊசியால் திருத்த முயன்ற ஆங்கில நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2020-இல் வெளியாயிற்று. ஊசி போட்டவர்க்கும் போடாதவர்க்கும், இரத்தம் ஏற்ற வேண்டி வந்ததிலோ இறந்ததிலோ வேறுபாடு காணவில்லை. சோகையைத் தீர்க்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அது தன்னளவிலேயே தீர்க்கத்தக்க நோய். ஆனால் எந்தக் குறியைக் கண்டாலும் அதனையே பிடித்துத் திருகினால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணுதல், பரிகாரம் செய்தால் கிரகம் விலகும் என்று எண்ணுதலைப் போன்றதே.

அறிவது ஒன்று, அதனால் நன்மை விளைவது மற்றொன்று. டென்மார்க் நாட்டில் 20,802 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு மட்டும் விரல் நுனிக் கருவியை மாட்டிப் பார்த்தனர். 1993-இல் முடிவு வெளியாயிற்று. கருவி மாட்டியவரிடத்தில் பிராணவாயுக் குறைவு பல மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கொடுத்தவர்களும் தைரியம் கூடியது என்றனர். ஆயினும் ஆபரேஷனுக்குப் பின் வந்த தொல்லைகளின் தொகையில் இரு பகுதிக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதனால் கருவியைக் கழற்றி எறிய வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மணியடிப்பது தீயை அணைப்பதாகாது என்பதே இதன் பாடம். மணியைக் கேட்டவன் எழுந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும்.

எந்தத் தண்ணீர், எவ்வளவு என்பதையும் சோதித்தே அறிய வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் வயிற்று ஆபரேஷனான 400 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். மூச்சூட்டும் யந்திரத்தால் பழைய வழக்கப்படி பெரிய மூச்சாகச் செலுத்தாமல், உடலளவுக்கேற்பச் சிறு மூச்சாகச் செலுத்தி, மூச்சு விட்ட முடிவிலும் சிறிது அழுத்தம் நிறுத்தி, அவ்வப்போது நுரையீரலை விரித்துக் கொடுத்தனர். இவ்வாறு செய்தவர்களில் பெருந்தொல்லை அடைந்தோர் நூற்றுக்குப் பத்து அல்லது பதினொருவர். பழைய முறையிலோ இருபத்தேழு அல்லது இருபத்தெண்மர். அப்படியாயின் அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றினால் இன்னும் நலமன்றோ என்று எண்ணத் தோன்றும். 2014-இல் 900 பேரைக் கொண்டு செய்த மற்றோர் ஆராய்ச்சியில் ஏற்றிப் பார்த்தனர். ஏற்றியதில் நூற்றுக்கு நாற்பது, ஏற்றாததில் முப்பத்தொன்பது, பயனில்லை. நல்லதென்று கண்டதை அளவின்றிச் செய்தாலும் நல்லதே விளையும் என்பதும் ஒரு மூட நம்பிக்கைதான்.

கணக்கில் அடங்கிய நூறு பேர் யார் என்ற கேள்வியும் நமக்குண்டு. விரல் நுனிக் கருவி ஒளியைத் தோலின் வழியே பாய்ச்சுவது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டி, குறையில்லை என்று தோன்றச் செய்தபோது, இரத்தத்தையே எடுத்துச் சோதித்தால் 88-க்கும் கீழே இருந்தவர்கள், வெள்ளையரில் நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. கறுப்பரில் நூற்றுக்குப் பன்னிரண்டளவு. கருவிக்குச் சாதிப் பற்றோ நிறப் பகையோ கிடையாது. ஆனால் அதனைச் செய்து சரிபார்த்தவர் யாருடைய விரலில் மாட்டிச் சரிபார்த்தார்களோ, அவர்களுக்கே அது நன்றாக உழைக்கும். கருநிற மேனியர் நிறைந்த நம் சமூகம் இதனை அறிந்திருப்பது நலம். கருவியை வெறுப்பதற்கன்று, நோயாளி மூச்சுத் திணறுகிறான் என்று கண்ணுக்குத் தெரியும்போது கருவி சரியென்று காட்டுகிறதே என்று வாளாவிருக்காமல், இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று மரியாதையாகக் கேட்பதற்கு. எல்லோரையும் எண்ணாமல் எடுத்த எண், எல்லோருக்கும் நீதி செய்யாது.

இனி நம் முதற் கேள்விக்கு வருவோம். அறிந்ததைச் சொல்ல வேண்டுமா?

நம் குடும்பங்களில் ஒரு வழக்கமுண்டு. வைத்தியரை மறைவாக அழைத்து, “ஐயா, எங்களிடம் சொல்லுங்கள்; அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்; அவர் பயந்துவிடுவார்” என்பார்கள். இது அன்பினால் பிறப்பது. அதனை நாம் இகழ மாட்டோம். ஆனால் அவ்வன்பு செய்வது யாது? நாற்பது ஆண்டு பால்மரம் சீவிக் குடும்பத்தைக் காத்தவர், மகளைக் கட்டிக் கொடுத்தவர், எத்தனையோ ஆபத்தைத் தனியே தாங்கியவர், தம் மூச்சைப் பற்றிய செய்தியைத் தாங்க மாட்டார் என்று அவருடைய பிள்ளைகளே தீர்ப்பளித்து விடுகிறார்கள். அவர் உடலைப் பற்றி ஊரெல்லாம் அறிந்திருக்க, அவர் ஒருவர் மட்டும் அறியாமல் படுத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்குண்டு. ஆபத்தைக் கேட்டபின் அறுவை வேண்டாமென்று அவர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவை அவரிடமிருந்து மறைப்பது, அவர் பொருளை அவரறியாமல் எடுத்துக்கொள்வதை ஒத்ததே.

இதற்கு மறுப்பாக ஒருவர், “சொன்னால் நோயாளி மனமொடிந்து போவான், சொல்லியும் பயனென்ன?” என்பார். பயன் உண்டு என்பதற்கு நம்மிடம் கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூஜிலாந்திலும் மூன்று ஆஸ்பத்திரிகளில், மேல்வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்து 2018-இல் வெளியிட்டனர். எல்லோருக்கும் அச்சிட்ட சிறு புத்தகம் கொடுக்கப்பட்டது. பாதிப் பேரிடம் மட்டும், உடற்பயிற்சி வைத்தியர் ஒருவர் ஆபரேஷனுக்கு முன்னர் ஒரு நாள் அரை மணி நேரம் நேரில் உட்கார்ந்து பேசினார். மயக்கத்தில் நுரையீரலுக்கு என்ன ஆகும், பின்னர் என்ன தொல்லை வரக்கூடும், விழித்தவுடன் எவ்வாறு ஆழ மூச்சிழுத்து இருமவேண்டும் என்று விளக்கிப் பழக்கினார். புத்தகம் மட்டும் பெற்றவரில் நூற்றுக்கு இருபத்தெழுவருக்கு நுரையீரல் தொல்லை வந்தது. பேசிப் பழக்கப்பட்டவரில் பன்னிருவருக்கே வந்தது.

அரை மணி நேரப் பேச்சு! விலையுயர்ந்த யந்திரம் எதுவும் இல்லை. ஆபத்தை மறைக்காமல் சொன்னார்கள். சொன்னதோடு விட்டுவிடாமல், அவன் கையில் ஒரு வேலையையும் கொடுத்தார்கள். மனமொடிவதற்குப் பதிலாக அவன் தன் மூச்சுக்குத் தானே காவலனானான். திருக்குறளில் மருந்து அதிகாரம், வைத்தியத்தின் உறுப்பு நான்கென்று கூறும்போது நோயாளியையும் வைத்தியனோடும், மருந்தோடும், அருகிருந்து உதவுவோனோடும் சேர்த்தே எண்ணுகிறது. அவனை நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் கொண்டு நடத்தும் வைத்தியம் ஊனமுற்றது.

ஆகவே, முன்னறிந்தவனுடைய கடன் மூன்று படியாக அமைகிறது. தான் அறிந்தது எவ்வளவு உறுதி, எவ்வளவு ஐயம் என்பதைத் தனக்கே பொய் சொல்லாமல் எண்ணுதல் முதற் படி. அறிந்ததற்கேற்பக் கையை அசைத்தல் இரண்டாவது. மூச்சை அளந்து கொடுத்தல், மருந்து முற்றும் இறங்கியபின் எழுப்புதல், ஆபத்து மிக்கவனை முதலிரண்டு இரவு கண்காணிப்பில் வைத்தல் ஆகியன இதில் அடங்கும். உரியவனிடம் அவனுக்குப் புரியும் மொழியில் கூறுதல் மூன்றாவது. தமிழ் மட்டும் அறிந்த மூதாட்டியிடம் வேற்று மொழித் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, சொல்லிவிட்டோம் என்பது கடன் தீர்த்தலன்று. அங்கே தமிழறிந்த தாதியோ, படித்த பேரனோ இருந்து ஒவ்வொன்றாக எடுத்துரைத்தல் வேண்டும்.

நமக்கும் கடன் உண்டு. வாசகர்களே, உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் என்று நாள் குறித்தால், நல்ல நேரம் பார்ப்பதற்கு முன், வைத்தியரிடம் சில கேள்விகள் கேளுங்கள். சென்ற மாதம் வந்த சளிக் காய்ச்சலை மறைக்காமல் சொல்லுங்கள். சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பவரானால் அதனையும் சொல்லி, அன்றே விடும்படி வேண்டுங்கள். விழித்தபின் மூச்சுப் பயிற்சி யாது, என்றைக்கு எழுந்து உட்காரலாம், என்றைக்கு நடக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலி பொறுக்காவிட்டால் வாய்விட்டுச் சொல்லும்படி பெரியவருக்குக் கூறுங்கள். வலியை அடக்கிக்கொள்வது வீரமென்று எண்ணி மூச்சை அடக்கிக்கொள்பவர் நம்மில் பலர். வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமும்படி சொல்லிக் கொடுங்கள். பார்க்க வருகிறவர்கள் கட்டிலைச் சூழ்ந்து அழுவதைவிட, அவரைத் தூக்கி உட்காரவைத்து, “இன்னும் ஒரு தடவை ஆழமாக இழுங்கள், மாமா” என்று சொல்வது பெரிய உபகாரம்.

இவ்வளவும் செய்தபின்னரும் சிலர் இறப்பார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது சுழியன்று. அப்பொழுது நம் அறிவுக்கு எட்டாதது ஒன்று இருந்தது என்று தலைவணங்கி ஏற்போம். அதற்கு விதியென்று பெயரிட விரும்புவோர் பெயரிடட்டும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லுமுன், அறியக்கூடியதை அறிந்தோமா, செய்யக்கூடியதைச் செய்தோமா, சொல்ல வேண்டியவரிடம் சொன்னோமா என்ற மூன்று கேள்விக்கும் நெஞ்சறிய விடை கூறியிருத்தல் வேண்டும்.